நியூபோர்ட் புற்றரையில் ஒரு மணி நேரம்

தூரதேசம் சென்று வருவோர் அங்குள்ள மாளிகைகளையும் அருவிகளையும் பற்றி எழுதுதல் வழக்கம். நாமோ ஒரு புற்றரையைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அதன்மீது நாம் நின்றது ஒரு மணி நேரந்தான். ஆயினும் ஊர் திரும்பிய பின்னும் அது எம்மை விட்டு நீங்கவில்லை.

2025ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையோடு சில நாள் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில் வாழும் எமது தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 70 மைல் தொலைவில், அந்நாட்டு மாநிலங்களுள் மிகச் சிறியதாகிய றோட் ஐலண்டிலே, கடலோரமாக அமைந்துள்ளது நியூபோர்ட். மாணவப் பருவத்தில் நாம் டெனிஸ் ஆடியவர் என்பதைத் தாயார் வாயிலாக அறிந்திருந்த மருமகன், ஒரு காலைப்பொழுதில் எம்மைக் காரிலேற்றி அங்கே அழைத்துச் சென்றான்.

பெலவியூ அவெனியூ என்னும் அகன்ற வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர்கள் கோடைகாலத்தைக் கழிப்பதற்கெனக் கட்டிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. அவ்வீதியிலேதான் நியூபோர்ட் கசினோ இருக்கின்றது. பெயரைக் கேட்டுச் சூதாடுமிடம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் அச்சொல் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றையே குறித்தது. நியூயோர்க் ஹெரல்ட் பத்திரிகையின் அதிபர் ஜேம்ஸ் கோர்டன் பெனட் 1880இல் இதனைக் கட்டுவித்தார். அவருடைய நண்பரொருவர் பந்தயத்துக்காகக் குதிரைமீதேறி ஊர்ப் பெருமக்களின் மன்றமொன்றினுள்ளே புகுந்தார் என்றும், அதனால் எழுந்த பிணக்கினாலேயே பெனட் தமக்கென ஒரு மன்றத்தை எழுப்பினார் என்றும் கதை வழங்குகின்றது.

வாயிலைக் கடந்தவுடன் குதிரை லாட வடிவமான ஒரு பசும்முற்றம். அதனைச் சூழ்ந்து, மரப் பின்னல் வேலைப்பாடமைந்த விறாந்தைகள். எம்மூர்ப் பழைய வீடுகளின் நிழலும் குளிர்மையும் அவ்விறாந்தைகளிலும் இருந்தன. அமெரிக்காவின் முதலாவது தேசிய டெனிஸ் போட்டி 1881இல் நடைபெற்றது இங்கேதான். ரிச்சர்ட் சியர்ஸ் என்பார் அவ்வாண்டு தொடங்கி 1887 வரை ஏழு முறை தொடர்ச்சியாக வெற்றி பெற்றார். 1915இல் அப்போட்டி நியூயோர்க் நகரின் போரெஸ்ட் ஹில்ஸுக்கு இடம் மாறிய பின், நியூபோர்ட்டின் சிறப்புச் சற்று மங்கியது. 1954இல் ஜேம்ஸ் வான் அலன் என்பவர் டெனிஸ் மேதைகளின் புகழ் மண்டபத்தை இங்கு நிறுவி அதற்குப் புத்துயிர் அளித்தார். முடிவின்றி நீளும் ஆட்டங்களைச் சுருக்கும் சமன்முறிப்பு முறையை வகுத்தவரும் அவரே. அவரது கருத்து 1970இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் நடைமுறைக்கு வந்தது.

மண்டபத்தினுள்ளே எம்மை நெடுநேரம் நிறுத்தியவை இரு பெயர்கள். சென்னையிற் பிறந்த விஜய் அமிர்தராஜ் இவ்வூர்ப் புற்றரையில் 1976, 1980, 1984 ஆகிய மூன்றாண்டுகளிற் கிண்ணம் வென்றவர். லியாண்டர் பயஸ் 1998இல் இங்கு வென்றார். 2024ஆம் ஆண்டில் இவ்விருவரும் ஒருங்கே புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். கடல் கடந்த ஊரில் எம்மவர் பெயரைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

இங்குள்ள புற்றரைகளிற் கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம் என்பது இவ்விடத்தின் தனிச்சிறப்பு. மருமகன் முன்னரே ஒரு மணி நேரத்தைப் பதிவு செய்து, வெள்ளுடையும் எடுத்து வந்திருந்தான். ஆனால் ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவனது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அவன் வாங்கில் அமர்ந்துவிட, நாம் மட்டையும் கையுமாகத் தனித்து நின்றோம்.

அடுத்த களத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு தனியே அடித்துக்கொண்டிருந்தார். எமது நிலையைக் கண்டு, "என் நண்பரும் வரவில்லை. சிறிது நேரம் ஆடுவோமா?" என்று கேட்டார். தாம் 1970களிற் சில ஆண்டுகள் ஊரூராகச் சென்று தொழின்முறையில் ஆடியவர் என்றும், முதல் நூற்றுவருள் ஒருபோதும் வந்தவரல்லர் என்றும், இப்போது வலது முழங்கால் உலோகத்தாலானது என்றும் சிரித்தபடி கூறினார்.

எமக்கு நெஞ்சு படபடத்தது. தொழிலாக ஆடியவருக்கும் எம்மைப் போன்றவருக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. 1968ஆம் ஆண்டு வரை விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளில் தொழில்வீரர்க்கு இடமேயில்லை. அமெச்சூர் என்போரே அவற்றில் ஆடினர். அன்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அமெச்சூர் என்பதன் வேர். பொருள் கருதாது அன்பினால் ஆடுபவர் என்பது கருத்து. எம்மிடம் அன்று இருந்ததும் அன்பு ஒன்றுதான், ஆற்றல் இல்லை.

புற்றரையிற் பந்து எழும்புவதில்லை. வழுக்கிக்கொண்டு தாழ வரும். முழங்காலை மடித்துக் குனியாவிட்டால் மட்டையின் கீழே போய்விடும். சீமெந்துத் தரையில் ஆடிப் பழகிய நாம் முதல் ஆறு பந்துகளையும் தவறவிட்டோம். பின்பு மெல்லமெல்லக் கை வந்தது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று பந்து வலைக்கு மேலாகப் போய் வரத் தொடங்கியது. எமக்குள் ஓர் இறுமாப்பும் தலையெடுத்தது.

இளைப்பாறும்போது மருமகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, கவனிச்சனீங்களோ? பந்து உங்கட மட்டையைத் தேடித்தான் வருது. ஒவ்வொருமுறையும் ஓரடி தள்ளி விழுது, அவ்வளவுதான்."

எமக்கு முகம் சிவந்தது. வயதிலும் மூத்தவர், காலும் ஊனமானவர், எம்மைக் குழந்தைபோல் ஏந்தி விளையாடியிருக்கின்றார்! அவரிடம் சென்று, "உங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டுங்கள்" என்று வேண்டினோம். அவர் சிறிது தயங்கி, ஒரேயொரு ஆட்டம் ஆடினார். நான்கு பந்துகள். ஒன்றை மட்டுமே எம் மட்டை தொட்டது. அதுவும் களத்துக்கு வெளியே பறந்தது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

"இப்படி ஆடினால் நீங்களும் கற்கமாட்டீர்கள், எனக்கும் ஆட்டமில்லை" என்றார் அவர். பின்னர் முன்போலவே, ஓரடி தள்ளி ஓரடி தள்ளிப் பந்தை அனுப்பத் தொடங்கினார். எஞ்சிய நேரம் முழுவதும் நாம் ஓடினோம், குனிந்தோம், தவறவிட்டோம், மீண்டும் ஓடினோம். அது எமக்காக அவர் விட்டுக்கொடுத்த ஆட்டமன்று. எம்மால் எட்டக்கூடிய எல்லையை அளந்து, அதற்கு ஓரடி அப்பால் வைத்த ஆட்டம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

திரும்பும் வழியிற் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோமாயினும், மனம் எமது கல்லூரிக்குப் போய்விட்டது. நாம் கணிதம் கற்பிப்பவர். விடுமுறைக்குச் சில வாரங்களின் முன்னர், சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு அழைத்துக் கடினமான இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தோம். அவன் திகைத்து நின்றான். சோக்கட்டியை வாங்கி நான்கு வரிகளில் நாமே செய்து முடித்தோம். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். அன்று முதல் அவன் கடைசி வாங்குக்குப் போய்விட்டான், கொப்பியைத் திறப்பதுமில்லை. அவனை மந்தமானவன் என்று நாம் தீர்த்துவிட்டோம். அந்த நான்கு வரிகளுக்கும், அன்று புற்றரையில் எம்மைக் கடந்து சென்ற நான்கு பந்துகளுக்கும் என்ன வேறுபாடு? அம்முதியவராவது நாம் கேட்ட பின்பே அடித்தார். அந்த மாணவன் எம்மிடம் அப்படியொன்றும் கேட்கவில்லையே!

ஊர் திரும்பியதும் அவனைத் தனியே அழைத்தோம். ஒரு சமன்பாட்டின் முதல் வரியை நாம் எழுதி, இரண்டாம் வரியை அவனிடம் விட்டோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து எழுதினான்; சரியாகவே எழுதினான். மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். "போதும், நாளைக்குப் பார்ப்போம்" என்று அனுப்பிவைத்தோம்.

மறுநாள் கூப்பிடாமலே வந்தான். மூன்றாம் வரியிலிருந்து தொடங்கினோம்.