தேக்காவின் மீ கோரெங்காரர்

2024இல் ஒரு செய்தி வந்தது. சிங்கப்பூரின் மரீன் பரேட் உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி வாடகை தருவதாக ஒருவர் ஏலம் கேட்டிருந்தார். அந்த வாரம்தான் ஒரு பேரங்காடியின் ஃபுட் கோர்ட்டில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் ஒரு தட்டுக்கு 9 வெள்ளி 80 காசு கொடுத்தேன். முன்கூட்டியே வறுத்துக் குவித்து, தட்டில் விழுமுன் மறுபடி சூடாக்கிய மஞ்சள் மீ. காரம் இருந்தது, சட்டி வாசம் இல்லை. என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "தேக்காவுக்கு வாங்க, ஒருத்தரைக் காட்டுறேன்" என்றார்.

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா அங்காடி நிலையம் 1982இல் திறக்கப்பட்டது. அங்கே நண்பர் காட்டிய, அடுப்பின் முன் நின்ற பாய்க்கு வயது 66. கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய குடும்பம். அப்பா தள்ளுவண்டியில் மீ விற்றவர். அரசு 1968-69இல் சுமார் 18,000 தெரு வியாபாரிகளைப் பதிவுசெய்து, 1971 முதல் 1986 வரை அவர்களைக் கட்டடங்களுக்குள் குடியமர்த்தியது. அப்போது பாயின் குடும்பமும் வண்டியை விட்டது. சீனரின் மஞ்சள் மீயை மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து நம் முஸ்லிம் சமையல்காரர்கள் கிளறிய பண்டம் இது. இந்தியாவில் தேடினால் கிடைக்காது.

விழுது அரைப்பதை நான் பார்க்கவில்லை, அது விடியுமுன்பே முடிந்துவிடுகிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றது அவர் கரண்டியை. நீண்ட பிடியுள்ள இரும்புக் கரண்டி, ஒரு முனை மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. "புதுசு வாங்கினேன் தம்பி. சட்டியோட அடி அதுக்குப் பிடிபடல" என்றார். சரிந்த அந்த முனை சட்டியின் வளைவில் அப்படியே ஒட்டிப் போகிறது. முட்டையை ஓரத்தில் உடைத்து ஊற்றி, மீயை அதன்மேல் தள்ளி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிப் புரட்டுகிறார். கருகத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் எடுத்தால்தான் வாசம். ஒரு தட்டுக்கு ஒரு சட்டி. மூன்று பேர் சேர்ந்து கேட்டாலும் மூன்று முறைதான். சேர்த்துப் போட்டால் மீ வேகுமே தவிர வறுபடாது என்கிறார்.

ஃபுட் கோர்ட்டில் நின்று இப்படிச் சமைக்க முடியாது. பேரங்காடியிடம் தளத்தை மொத்தமாக எடுக்கும் நிறுவனம் அதைத் தடுப்புகளாகப் பிரித்துக் கடைக்காரருக்கு விடுகிறது. மாத வாடகை போக விற்பனையில் ஒரு பங்கும் கேட்கிறது. தட்டு கழுவக்கூடத் தனிக் கட்டணம் உண்டு. அடுப்பை ஒருநாளும் தொடாதவர் ஒவ்வொரு தட்டிலும் கை வைக்கிறார். கடைக்காரர் விலையை ஏற்றுவார், கறியைக் குறைப்பார், கடைசியில் ஒவ்வொரு தட்டாக வறுப்பதையும் நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் 9 வெள்ளி 80 காசில் சமைத்தவர் கைக்குப் போனது எவ்வளவு என்று நினைத்தால்தான் கோபம் வருகிறது. அரசின் அங்காடி நிலையங்களில் அந்த 10,158 வெள்ளி ஏலம் ஒரு விதிவிலக்கு; மானியமில்லாக் கடைகளின் இடைநிலை வாடகை 2024இல் 1,250 வெள்ளி அளவில்தான் இருந்தது. அந்த வித்தியாசம்தான் பாய்க்கு ஒரு தட்டுக்கு ஒரு சட்டி வைக்கும் நேரத்தைத் தருகிறது.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தைத் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடைக்காரர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய அறுபதைத் தொட்டவர்கள். பாயின் மகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். "வா என்று எப்படிக் கூப்பிடுறது? காலையில நாலு மணிக்கு எழுந்திருக்கணும்" என்றார்.

அன்று அவர் கடையில் மீ 6 வெள்ளி. அதற்கு முந்தைய வருடம் 50 காசு ஏற்றியதற்கு இன்னும் வருத்தப்பட்டார். ஞாயிறு மாலை கட்டுமானத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, அவர்கள் தட்டில் மட்டும் ஒரு கை மீ கூடுதலாக விழுந்தது. ஏன் என்று கேட்டேன்.

"நாள் முழுக்க வெயில்ல நிக்கிறாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த முட்டையை உடைத்தார்.