டி.வி.ஆரில் பிட்டுகள் செலவாகும் இடங்கள்

அனலாக் கேமராக்களின் படத்தை டி.வி.ஆர். எனப்படும் பதிவுக் கருவியில் சேமிப்பதற்கான அமைப்புகளைச் செய்யும்போது, ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேட், பிட் ரேட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் படம் தெளிந்துவிடும் என்ற எண்ணம் இத்தொழிலில் பரவலாக உண்டு. கருவிக்குள் இருந்து படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடரோ எது முக்கியம் என்பதை அறியாது, எது மாறுகிறது என்பதை மட்டுமே அறியும். அந்த மாற்றம் கல்லாப் பெட்டிக்குள் நுழையும் கையானாலும், வாசலில் ஆடும் வேப்பங்கிளையானாலும் அது தயங்காமல் பிட்டுகளைச் செலவிடும். ஆகவே, வேண்டாத மாற்றங்களை என்கோடரின் கண்ணில் படாமல் தடுப்பதே அமைப்பவரின் வேலையில் பெரும்பகுதி.

இந்தியாவில் வழங்கும் ‘பால்’ என்னும் வீடியோ முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள் உண்டு; அவற்றுள் காட்சியைத் தாங்குபவை 576; நொடிக்கு 25 படங்கள். இதை டி1 என்ற அளவில், அதாவது 720-க்கு 576 பிக்சல்களாக, பிக்சலுக்கு 16 பிட் வீதம் எண்ணாக மாற்றினால் நொடிக்கு ஏறத்தாழ 16.6 கோடி பிட்டுகள் சேர்கின்றன. பிட் ரேட்டை 1 எம்.பி.பி.எஸ். என்று வைப்பவர் நொடிக்கு 10 லட்சம் பிட்டுகளையே அனுமதிக்கிறார், அதாவது நூற்று அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக. 2003-இல் வெளிவந்த எச்.264 முறை, படத்தை 16-க்கு 16 பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஐ-ஃப்ரேம் எனப்படும் முழுப் படத்தை அவ்வப்போது மட்டும் எழுதி, இடைப்பட்டவற்றில் முந்தைய படத்திலிருந்து வேறுபடும் பகுதியை மட்டும் எழுதுவதால் இது சாத்தியமாகிறது. பிட்டுகள் போதாதபோது அது நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிடும். முகம் இருந்த இடத்தில் சதுரங்கள் தெரிவது அப்போதுதான்.

ரெசல்யூஷனைத் தேர்வதில் கவனிக்கப்படாத ஒன்று இன்டர்லேஸ். பழைய அனலாக் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு ஃபீல்டாகவும், இரட்டைப்படை வரிகளை 1/50 நொடி கழித்து அடுத்த ஃபீல்டாகவும் அனுப்புகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கேமராவுக்குக் குறுக்கே செல்லும் வண்டி அந்த இடைவெளியில் 20 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. இரண்டு ஃபீல்டுகளையும் கோத்து 576 வரிகளாகப் பதிந்தால் நிறுத்திய படத்தில் வண்டியின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். அந்தப் பற்களையும் என்கோடர் நுண்விவரமாகவே கருதிப் பிட்டுகளைக் கொடுக்கும். 288 வரிகள் கொண்ட 2சி.ஐ.எஃப். அமைப்பு ஒரு ஃபீல்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், வண்டிகள் விரையும் வாசலுக்குக் காகிதத்தில் பாதியாகத் தெரியும் அதுவே மேலானது. அசைவு குறைந்த பண்டக அறைக்கு முழு டி1 பொருந்தும். அதே கோஆக்சியல் கேபிளில் 1080பி படம் அனுப்பும் எச்.டி. அனலாக் கேமராக்களில் இச்சிக்கல் இல்லை. ஆனால் அவற்றின் பிக்சல்கள் டி1-ஐப் போல் 5 மடங்கு என்பதால் பழைய பிட் ரேட்டை அப்படியே விட்டுவைக்க இயலாது.

இவையெல்லாம் பகற்கணக்கு. வெளிச்சம் குறைந்ததும் கேமராவின் ஏ.ஜி.சி., அதாவது தானியங்கிச் சமிக்ஞைப் பெருக்கம், படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், வெற்றுச் சுவர்கூட மணல் தூவியதுபோல் ஒவ்வொரு படத்திலும் புதிதாகத் துடிக்கிறது. இந்தத் துடிப்பை முந்தைய படத்தைக் கொண்டு ஊகிக்க வழியில்லை. ஆதலால் ஆளில்லாத நள்ளிரவுக் கடை, கூட்டம் நிறைந்த நண்பகல் கடையைவிட அதிகப் பிட்டுகளைக் கேட்கும் விந்தை நிகழ்கிறது. பிட் ரேட்டை மாறாமல் வைக்கும் சி.பி.ஆர். முறையில் சுவர் தின்றது போக மீதியே முகத்துக்குக் கிடைக்கும். தேவைக்கேற்பக் கூட்டும் வி.பி.ஆர். முறையில் இரவு முழுவதும் உச்சவரம்பைத் தொட்டபடியே ஹார்ட் டிஸ்க் நிரம்பும். இதற்கு மருந்து டி.வி.ஆரின் மெனுவில் இல்லை. ஒரு விளக்கைக் கூட்டுவது, ஏ.ஜி.சி.-யையும் ஷார்ப்னஸையும் குறைப்பது, இரைச்சல் நீக்கத்தை நடப்பவரின் முகம் இழுபடாத அளவுக்கு மட்டும் வைப்பது ஆகியன முதலில் வர வேண்டும். பிறகு ஃப்ரேம் ரேட்டை 25-இலிருந்து 12-க்கு இறக்கினால், 1 எம்.பி.பி.எஸ். வரம்புக்குள்ளேயே ஒரு படத்தின் சராசரிப் பங்கு 40,000 பிட்டிலிருந்து சுமார் 83,000-ஆக உயரும். படங்களுக்கிடையே வேறுபாடு கூடுவதால் ஆதாயம் முழு இரட்டிப்பாக இராது என்றாலும் கண்ணுக்குத் தெரியும்.

இரும்புத் தூணில் பூட்டிய கேமராவுக்கும் டி.வி.ஆருக்கும் எர்த் மட்டம் வேறுபட்டால் கேபிளின் வெளியுறை வழியே மின்னோட்டம் பாய்ந்து, படத்தில் கிடைப்பட்டைகள் ஊரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஃபீல்டும் நொடிக்கு 50 என்பதால் அவை மெல்ல ஊர்ந்து, அசைவு கண்டால் மட்டும் பதியும் அமைப்பையும் இடைவிடாமல் தூண்டிவிடும். கேமராவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைப்பதே பலவேளை பிட் ரேட்டைத் திருத்துவதைவிடப் பயன் தரும்.

சேமிப்புக் கணக்கு எளியது: 1 எம்.பி.பி.எஸ். இடைவிடாமல் பதிந்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 10.8 ஜி.பி., எட்டுக் கேமராவுக்கு 86.4 ஜி.பி.; 1 டி.பி. டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிப் பழையதன்மேல் எழுதத் தொடங்கும். அதே டிஸ்க்கை வைத்து ‘முப்பது நாள் நிற்கும்’ என்று விற்பவர், பிட் ரேட்டை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகக் குறைத்ததை வாங்குபவரிடம் சொல்வதில்லை. காவல் நிலையக் கேமராக்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பிறப்பித்த ஆணை 18 மாதப் பதிவைக் கேட்கிறது; ஒரு கேமராவுக்கே அது 5.9 டி.பி. ஆகும். நாட்களை முதலில் முடிவுசெய்து, பிட் ரேட்டை அடுத்தும் டிஸ்க்கை இறுதியிலும் தீர்மானிப்பதே முறை. நடைமுறையில் வரிசை தலைகீழாகவே இருக்கிறது.

அமைத்த பின் சோதிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. டி.வி.ஆரோடு நேரே இணைந்த மானிட்டரில் ஓடும் நேரலைப் படம் பெரும்பாலான கருவிகளில் என்கோடருக்குள் நுழையாமலே வருகிறது. அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பதிவைப் பற்றி எதுவும் சொல்லாது. கடை அடைத்த பிறகு, வழக்கமான இரவு விளக்கில், ஒருவரை வாசலிலிருந்து கல்லா வரை நடக்கவிட்டு, அந்தப் பகுதியைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் ஓட்டி, முகம் திரும்பும் இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கே சதுரங்கள் தெரிந்தால் விளக்கிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.