கெட்டிலின் பண்ணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 'டீமன் ஸ்லேயர்' அவ்வளவாகப் பிடிக்காது. யுஃபோடேபிள் ஸ்டூடியோ வரையும் தண்ணீரையும் நெருப்பையும் பார்த்து வாய் பிளந்தவன்தான் நானும். ஆனால் கதை? ஒரு அசுரன் வருவான், சண்டை நடக்கும், சாகும் நேரத்தில் அவனுடைய சோகக் கதை பத்து நிமிடம் ஓடும், தன்ஜிரோ கண் கலங்குவான், அடுத்த அசுரன் வருவான். 2025 செப்டம்பரில் 'இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் தியேட்டர்களில் தமிழிலேயே வெளியானது. சந்தோஷம்தான். தமிழில் பேசிவிட்டதால் மட்டும் கதைக்குச் சதை போட்டுவிடாது.

இதை எங்கள் புக்கிட் காத்தில் பசங்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப் போகும் வரை சண்டை போட்டிருக்கிறோம். போன தலைமுறை ரஜினியா கமலா என்று கேட்டது, நாங்கள் சாஸ்கேயா இதாச்சியா என்று கேட்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு அனிமே தமிழில் வரவில்லை. சின்ன வயதில் எங்களுக்கு டோராயேமோன் ஒரு மலாய்க்காரன். நொபித்தா மலாயில்தான் அழுவான். பிறகு ஆங்கில சப்டைட்டில் வந்தது, காது ஜப்பானியத்துக்குப் பழகியது. மூன்று மொழி தாண்டி ஒரு கதையைப் பிடிப்பது எங்களுக்குக் கஷ்டமாகத் தெரிந்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'காத்தில்' என்றால் மலாயில் கட்டில். தமிழிலிருந்து போன சொல். சொல் கப்பலேறிப் போய் ஒரு மலைக்கே பேராகிவிட்டது.

இனி என் கருத்துகள். ஸ்பாய்லர் உண்டு. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

'நருட்டோ'வில் இருந்து தொடங்குகிறேன். முதல் பகுதி 220 எபிசோட், ஷிப்புடென் 500, ஆக மொத்தம் 720. அதில் நிரப்புவதற்காகவே போட்ட எபிசோடுகளைத் தள்ளிவிட்டால் பாதி பாரம் குறையும். ஆனாலும் சூனின் தேர்வில் நெஜியும் நருட்டோவும் மோதும் இடம் எனக்கு இன்றும் புல்லரிக்கும். பிறப்பிலேயே எல்லாம் எழுதியாகிவிட்டது என்பான் நெஜி. வகுப்பிலேயே மக்குப் பையன் என்று பேர் வாங்கிய நருட்டோ அவனைத் தரையில் சாய்ப்பான். பால்மரம் வெட்டியவன் பிள்ளை பால்மரம்தான் வெட்டும் என்று கேட்டு வளர்ந்த வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? எழுந்து நின்று கத்தத் தோன்றும்.

அப்புறம் கிஷிமோத்தோ என்ன செய்தார்? நருட்டோ நான்காம் ஹொக்காகேயின் மகன் என்றார். அதுவும் போதாமல், ஆதிகால முனிவரின் மகன் அஷுராவின் மறுபிறப்பு என்றார். கடைசியில் நெஜி சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அந்த நெஜியையும் போரில் கொன்றுவிட்டார். உழைப்பு ஜெயிக்கும் என்று நம்ப வைத்துவிட்டு, ரத்தம்தான் ஜெயித்தது என்று காட்டினால் அதற்குப் பெயர் என்ன?

'நருட்டோ'வில் என்னை உண்மையாக உலுக்கியவன் பெய்ன். அவனுடைய மழைநாடு சின்னது. சுற்றியுள்ள பெரிய நாடுகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ள அந்த மண்ணைத்தான் மைதானமாக்கிக்கொள்ளும். யார் ஜெயித்தாலும் செத்தவர்கள் மழைநாட்டுக்காரர்கள். பெய்ன் நருட்டோவிடம் ஒரு கேள்வி வைக்கிறான்: உன் ஆட்கள் என் வீட்டை அழித்தார்கள், நான் உன் ஊரை அழித்தேன், இதில் யார் நீதி பேசுவது? நருட்டோவிடம் பதில் இல்லை. விடமாட்டேன், முயற்சி செய்வேன் என்கிறான். பதில் இல்லாமல் விட்டிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். ஆனால் பெய்ன் மனம் மாறி, ஊரில் செத்த எல்லாரையும் உயிரோடு எழுப்பிவிட்டுச் சாகிறான். கணக்கு நேர். யாரும் எதுவும் இழக்கவில்லை. எனக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது.

'ஒன் பீஸ்' பற்றிக் கேட்பவர்களுக்கு: 1999-இல் தொடங்கிய தொடர், 1,100 எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு குத்து விழுவதற்கு ஒரு எபிசோட் இழுப்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் மங்காவைப் படியுங்கள். ஆனால் ஒடாவை நான் விடமாட்டேன், காரணம் ஃபிஷர் டைகர். அடிமையாக இருந்து தப்பித்தவன். பிறகு மலை ஏறிப் போய் மற்ற அடிமைகளையும் விடுவிப்பான். அடிமைகளின் உடம்பில் முதலாளிகள் சூடு வைத்த முத்திரை இருக்கும். அதன் மேல் சூரியச் சின்னத்தைப் போட்டு மறைத்துவிடுவான். யார் அடிமையாக இருந்தவன், யார் இல்லை என்று இனி ஒருவனும் கண்டுபிடிக்க முடியாது. விளையாட்டுத்தனமான கதை என்று 'ஒன் பீஸை' ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு யோசனைக்காகவாவது கொஞ்சம் நிற்கலாம்.

போர், அடிமை, யார் கணக்கை யார் தீர்ப்பது. இதையே ஏன் நான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால் அதற்கு என் பாட்டி காரணம்.

பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு ஐந்தாறு வயது. மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையும் வாழைமரம் போட்ட நோட்டின் கதையும் அவரிடம் நிறைய உண்டு. அவருடைய பெரியப்பாவை சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. எங்கே செத்தார், என்றைக்குச் செத்தார், யாருக்கும் தெரியாது. வீட்டில் அவருக்குத் திதி கிடையாது, தேதி இருந்தால்தானே திதி.

ஒருநாள் நான் 'டொட்டோரோ' பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது யாரு பேச்சுடா?"

"ஜப்பான் பாட்டி."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண் மே அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும் காட்சி.

"ஜப்பான்காரன் இப்படியா பேசுவான்? சத்தமா இல்ல பேசுவான்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போகவில்லை. கடைசி வரை பார்த்தார். பூனைப் பேருந்து வந்தபோது சிரித்தார்கூட. நான் பாட்டியிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த ஜப்பானியக் கதையைப் பார்த்தாலும் உள்ளே ஒரு கேள்வி உட்கார்ந்துகொள்கிறது: இவர்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறதா?

சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, அதில் மலாயாத் தோட்டங்களில் இருந்து போன தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெயரோடு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. 1957-இல் ஹாலிவுட் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எடுத்தபோது கதை வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே ஓடியது. மறப்பதில் ஜப்பான்காரனை மட்டும் குறை சொல்ல முடியாது.

இப்போது 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' பற்றிப் பேசலாம். 1988-இல் இதே 'டொட்டோரோ'வோடு ஒரே டிக்கெட்டில் திரையிட்ட படம். கோபே நகரம் குண்டில் எரிகிறது. 14 வயது செய்தாவும் 4 வயது செத்சுகோவும் பட்டினியில் சாகிறார்கள். மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிக்கும் காட்சியில் அழாதவர்கள் யாரும் இல்லை. நானும் அழுதேன். ஆனால் செய்தாவின் அப்பா கடற்படை அதிகாரி. அந்தக் கப்பல்கள் எங்கே போயின, எந்த ஊரில் எந்தக் குழந்தை மரவள்ளி தின்றது என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை. இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று இயக்குநர் தக்காஹாத்தாவே சொல்லி வந்திருக்கிறார். அவர் சொன்னது சரி. இது பசியைப் பற்றிய படம், அதுவும் தன் பசியைப் பற்றியது.

மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) இன்னும் சிக்கல். ஸீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஹொரிகோஷியின் கதை. மியாசாகியின் அப்பாவே அந்த விமானத்துக்கு உதிரிபாகம் செய்த கம்பெனியை நடத்தியவர். படம் முழுக்கக் காற்று, புல்வெளி, காதல். விமானங்கள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று கடைசியில் வருத்தப்படுவார்கள். போன இடத்தில் அவை என்ன செய்தன என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவ்வளவு அழகான படத்தை நான் அரைமனதோடுதான் பார்க்க முடிந்தது.

இந்த வரிசையில் எனக்கு மரியாதை 'பேர்ஃபுட் கென்' மீதுதான். ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டில் தப்பிய நக்காசவா 1973-இல் வரையத் தொடங்கிய மங்கா. 1983-இல் படமானது. கோடுகள் முரட்டுத்தனமாக இருக்கும், பார்க்க அழகில்லை. ஆனால் மங்காவில் கென்னின் அப்பா போரைத் திட்டுகிறார், பக்கத்து வீட்டுக் கொரியருக்காகப் பேசுகிறார். 2023-இல் ஹிரோஷிமா நகரம் தன் அமைதிக் கல்விப் பாடத்தில் இருந்து இதை எடுத்துவிட்டது. உறுத்துகிற புத்தகத்துக்கு எல்லா ஊரிலும் இதே கதிதான்.

'அட்டாக் ஆன் டைட்டன்' ரசிகர்கள் காத்திருப்பது தெரிகிறது. மூன்றாம் சீசனில் அந்த நிலவறை திறக்கும் வரை இதற்கு ஈடு கிடையாது. அடைபட்ட மக்கள், கையில் பட்டை கட்டிய மக்கள், அவர்களுடைய கோபம். அந்தக் கோபம் உலகத்தையே மிதித்து, பத்தில் எட்டுப் பேரைக் கொன்று முடிகிறது. இசாயாமாவுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. 2021-இல் மங்கா முடிந்தபோது ஆர்மின் எரனுக்கு நன்றி சொல்வது போல ஒரு வசனம் வந்து பெரிய சண்டையானது. 2023 அனிமேயில் அதை மாற்றினார்கள். எனக்கு அந்தக் கிளைமாக்ஸைவிடப் பெரியது ஒரு சின்னக் காட்சி. சாஷாவைச் சுட்டுக் கொன்ற சிறுமி காபி, அவளுடைய அப்பா கைக்கே கிடைக்கிறாள். கத்தியும் அவர் கையில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்கிறார். பசங்க எல்லாரும் காபியைத் திட்டுகிறார்கள். எனக்கு இந்தத் தொடரில் அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும். தனக்குச் சொல்லிக் கொடுத்த கதை பொய் என்று தெரிந்ததும் திரும்பி நிற்கிறாளே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

என் முதலிடம் 'வின்லாண்ட் சாகா' இரண்டாம் சீசன். 2023-இல் வந்தது, 24 எபிசோட். "போர் இல்லை, சண்டை இல்லை, விவசாயம் பார்க்கிறானுங்க லா" என்று பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்! முதல் சீசனில் அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கவே வாழ்ந்து, வழியெல்லாம் கொலை செய்த தோர்ஃபின், இதில் டென்மார்க்கில் கெட்டில் என்பவனுடைய பண்ணைக்கு அடிமையாக விற்கப்படுகிறான். ஆமாம், கெட்டில். எங்கள் ஊர்ப் பேர் போலவே காதில் விழுந்தது.

அவனுக்கும் ஐனாருக்கும் கொடுத்த வேலை காட்டை வெட்டுவது. மரத்தைச் சாய்த்து, வேரைப் பிடுங்கி, கோதுமை போட்டு, விளைச்சலை விற்றுத் தங்கள் விலையைத் தாங்களே அடைக்க வேண்டும். இது யார் கதை? கப்பல் கூலியைக் கடனாகச் சுமந்து வந்து காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் கதை. முன்னாள் அடிமையாக இருந்து மேற்பார்வையாளரான பாத்தெர்கூட அங்கே உண்டு. நல்ல கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிலும் நல்லவன்தான். சிரிப்பான், அடிக்கமாட்டான். எங்கள் பாட்டிகள் சொல்லும் 'தங்கமான துரை' மாதிரி. பண்ணைக்கு ஆபத்து என்று வந்த நாளில் அதே கெட்டில், கர்ப்பமாக இருக்கும் அடிமைப் பெண் அர்ன்ஹெய்தைக் கட்டையால் அடித்து நொறுக்குகிறான். நல்ல முதலாளி என்பது நல்ல காலம் இருக்கும் வரைக்கும்தான். இதை இவ்வளவு தெளிவாக வேறு எந்தத் தொடரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் நான் இதை முதலிடத்தில் வைப்பது தோர்ஃபினின் கனவுக்காக. அவன் கொன்றவர்கள் எல்லாரும் கனவில் வருகிறார்கள். பெயர் தெரியாத முகங்கள். கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்கள். இங்கே யாரும் உயிரோடு எழுந்து வருவதில்லை, கணக்கு நேராவதில்லை. தோர்ஃபின் அவர்களைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், இனி கை ஓங்கமாட்டேன் என்று முடிவெடுத்து. யுக்கிமுரா ஜப்பானியர், எழுதியது வைக்கிங்குகளைப் பற்றி. சயாமும் இல்லை, மலாயாவும் இல்லை. அப்படியிருந்தும், கொன்றவன் பக்கத்தில் இருந்து ஒருவன் செத்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்ப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பெய்ன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்து கிடைத்த ஒரே மரியாதையான பதில் அது.

தோர்ஃபினின் கனவு ஜப்பானில் வரையப்பட்டது. சயாமுக்குப் போனவர்களின் கனவை நம் ஆட்கள் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. என் வயதுக்காரர்களில் இவற்றை வாசித்தவர்களைவிட நருட்டோவின் 720 எபிசோடையும் முடித்தவர்கள் அதிகம். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானே முதலில் முடித்தது நருட்டோவைத்தான். ஆனால் எங்கள் பசங்களில் வரையத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க லூஃபியும் லீவாயும். அவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. 415 கிலோமீட்டர், ஒவ்வொரு மைலுக்கும் பெயர் தெரியாத முகங்கள். அதை ஜப்பான்காரன் வந்து வரையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பென்சில் உங்கள் கையில்தான் இருக்கிறது.