இன்னைக்குப் பறக்க வேண்டாம்

"டாக்டர், பையன் ரிமோட் விமானம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கித் தரலாமா?"

சர்க்கரை, பிரஷர், நாய்க்கடி ஊசி பற்றி எழுதுகிற இந்தப் பக்கத்தில் கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி நிறைய வருகிறது. போன மாதம் கையில் ஒரு தெர்மாகோல் விமானத்தோடு போட்டோ போட்டேன் இல்லையா, அதன் பலன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்த நீண்ட இழை. டீ ஒன்று போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நான் தாலுகா அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். டூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு ஒரு வறண்ட கண்மாயில் இருப்பேன். மாடல் விமானம் விடுகிற பதினேழு பேர் இருக்கிறோம். பாலிடெக்னிக் பசங்க, ஒரு டிவி மெக்கானிக் அண்ணன், விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, ஒரு கணக்கு டீச்சர், அவங்க பொண்ணு, இன்னும் சிலர். இதற்கு கிளப் என்று பெயர். பதிவெல்லாம் பெரிதாக இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு மண்சட்டி, ஒரு நீள நோட்டு. இதுதான் எங்கள் சொத்து.

அதை "நடத்துவது" நான். நடத்துவது என்றால் என்ன என்று கேட்டால், பாதி நேரம் யாரையாவது பார்த்து "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்வது. மீதி நேரம் கருவேலங்காட்டில் விமானம் தேடுவது.

ஏன் வேண்டாம் சொல்ல வேண்டும்? பொம்மை தானே?

ஒரு சின்னக் கணக்கு. எங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு கிலோ எடையுள்ள விமானங்கள். சாதாரணமாக மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும். ஸ்கூட்டர் வேகம்தான். ஆனால் அந்த ஒரு கிலோவுக்கு அந்த வேகத்தில் இருக்கும் ஆற்றல், 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 135 கி.மீ. வேகத்தில் வீசினால் இருக்கும் ஆற்றலுக்குச் சமம். பள்ளிக்கூட ஃபார்முலாதான், போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் 112 ஜூல் சொச்சம் வரும். ஹெல்மெட் இல்லாமல் அந்தப் பந்தை நெற்றியில் வாங்கத் தயாரா? அதுவும் முன்னால் ஒரு கத்தி சுற்றிக்கொண்டிருக்கும் பந்தை?

கத்தி என்று சும்மா சொல்லவில்லை. பத்து அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 380 கி.மீ. வேகத்தில் போகிறது. விரல் பட்டால் மோட்டார் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரிக் மோட்டாரைத் தடுத்தால் அது இன்னும் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சுற்றத்தான் பார்க்கும். முதல் வெட்டோடு விடாது.

அதனால் எங்கள் முதல் விதி: மேஜையில் வைத்து செட்டிங் பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் கழற்றி இருக்க வேண்டும். பேட்டரி மாட்டிய நிமிஷத்திலிருந்து விமானத்துக்கு முன்னால் எவனும் நிற்கக் கூடாது. "ஒரு செகண்ட் சார்" எல்லாம் கிடையாது.

டாக்டராக ஒரு இடைச்செருகல். இது விமானத்துக்கு மட்டுமில்லை, மிக்ஸி, கரும்பு மெஷின், கதவிடுக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். விரல் துண்டாகிவிட்டால், காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். ஐஸ் மேல் நேரடியாக விரலை வைக்காதீர்கள், திசு உறைந்து வீணாகிவிடும். மஞ்சள் தூள், காபித் தூள் வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

சரி, கண்மாய்க்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டீர்கள். 2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானங்களுக்கு என்றே ஒரு வரையறை இருக்கிறது. 25 கிலோவுக்கு மிகாமல், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்பார்வைக்குள்ளேயே இயக்குவது. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கு வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். பச்சை என்றால் 400 அடி உயரம் வரை. விமான நிலையச் சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்துக்குள் என்றால் 200 அடிதான். அதைவிட நெருங்கினால் அனுமதி இல்லாமல் தரையிலிருந்தே எழும்பக் கூடாது. எங்கள் கண்மாய் மதுரை விமான நிலையத்திலிருந்து வெகு தொலைவு. ஆனாலும் ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் சொல்லி வைத்திருக்கிறோம். கிடை போடுகிறவரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் அவர் அனுமதிதான் முக்கியம். ஆடு மிரண்டால் நாங்கள் காலி.

ஆடாவது பரவாயில்லை, மயில் இருக்கிறதே! ரன்வே என்று நாங்கள் செதுக்கி வைத்திருக்கும் அறுபது அடி மண்ணில் வந்து நின்று தோகை விரிக்கும். விரட்டக் கூடாது. அது போகும்வரை பதினேழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

ரிட்டயர்ட் ஐயா ஒரு பழைய வழக்கம் சொல்லிக் கொடுத்தார். இப்போதைய ரேடியோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினாலும் ஒன்றோடொன்று குழம்பாது. முன்பெல்லாம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு கிரிஸ்டல், ஒரு சேனல். உங்கள் சேனலையே இன்னொருவர் ஆன் செய்தால் உங்கள் விமானம் அவர் பேச்சையும் கேட்கும், விழுந்து நொறுங்கும். அதனால் கிளப்பில் ஒரு பலகை இருக்கும். உங்கள் சேனலுக்கான கிளிப் உங்கள் கையில் இருந்தால்தான் ரேடியோவைத் தொடலாம்.

இன்று அதற்குத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் பலகை வைத்திருக்கிறோம், துணி காயப்போடும் கிளிப் மூன்றே மூன்று. ஆகவே ஒரே நேரத்தில் வானத்தில் மூன்று விமானத்துக்கு மேல் கிடையாது. கிளிப் எடுப்பவர் முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே போகிறதா? சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா? விலை குறைந்த ரேடியோக்களில் இரண்டாவதை நாமே செட் பண்ண வேண்டும். பண்ணாமல் விட்டால், தொடர்பு அறுந்த விமானம் முழு வேகத்தில் எங்கோ போகும்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் முன் நோயாளி பெயர் என்ன, எந்தப் பக்கக் கால் என்று சத்தமாகக் கேட்போம். இருபது வருஷ சர்ஜனிடமும் கேட்போம். அவருக்குத் தெரியாது என்பதற்காகவா கேட்கிறோம்?

நீள நோட்டைச் சொன்னேன் இல்லையா. அதில் யார், எந்த விமானம், எத்தனை மணி, எங்கே விழுந்தது, என்ன காரணம் என்று எழுதுவோம். பெயர் எழுதுவது திட்டுவதற்கு இல்லை. "சர்வோ கழன்றது", "வெயிலுக்கு எதிரே போய் கண் கூசியது", "பேட்டரி எவ்வளவு மிச்சம்னு பார்க்கலை". இவ்வளவுதான். வார்டு ரிஜிஸ்டர் மாதிரி வறட்டு மொழி.

அந்த நோட்டுக்கு வைகாசியில் ஒரு வேலை வந்தது.

பக்கத்து ஊரில் திருவிழா. பெரியவர்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். ஓ.பி. முடியும்வரை பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர் தம்பி, தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது மேலேர்ந்து பூ தூவணும். உங்க பசங்க செய்வாங்கன்னு கேள்விப்பட்டோம். ஒரே ஒரு சுத்து."

கூடவே, கண்மாயில் எங்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தர ஒரு உபயதாரர் தயாராக இருக்கிறார் என்றார்கள். சித்திரை வெயிலில் அந்த வேப்பமர நிழலுக்குப் பதினேழு பேர் அடித்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயா, தேருக்கு முன்னாடி எத்தனை பேர் நிப்பாங்க?"

"அது ஆயிரக்கணக்குல வரும்."

"வடம் பிடிச்சிருக்கவங்க மேல பார்ப்பாங்களா, சாமியப் பார்ப்பாங்களா?"

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறிவிட்டது. ஆனாலும், "நீங்க மனசு வச்சா நடக்கும் தம்பி" என்றுதான் எழுந்து போனார்கள்.

கண்மாயில் ஒரு விமானம் கை மீறினால் ஓட்டுபவர் "தலை!" என்று கத்துவார். எல்லோருக்கும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியும், ஓட இடமும் இருக்கிறது. தேரோட்டத்தில் ஓட இடம் கிடையாது. ஒருவர் அலறினாலே போதும், விமானம் யார் மேலும் விழவே வேண்டாம். கூட்டத்தில் கீழே விழுந்து மிதிபட்டு வருகிறவர்களை நான் கேஷுவாலிட்டியில் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் விட்டாலும் எங்கள் பையன் ஒருவன் விடவில்லை. பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம். எங்களில் நல்லா ஓட்டுகிறவன் அவன்தான், சந்தேகமே இல்லை.

"சார், பூக்கூடை செட்டப் ரெடி. எத்தனை தடவை போட்டுப் பார்த்துட்டேன், ஒரு தடவைகூட மிஸ்ஸாகலை. கொட்டகையும் கிடைக்கும். நீங்க வர வேணாம், நான் பார்த்துக்கறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மெக்கானிக் அண்ணன் முந்திக்கொண்டார். நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்து, "உன் பேரு இருக்கிற வரியை மட்டும் சத்தமா வாசிடா தம்பி" என்றார்.

வாசித்தான். பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு. மூன்றுமே அவன் தப்பு இல்லை. ஒன்று கழன்ற சர்வோ, ஒன்று பருந்து, ஒன்று காரணமே கண்டுபிடிக்க முடியாதது. அந்த மூன்றாவது வரியில் வந்து நிறுத்திவிட்டான்.

பூ தூவவில்லை. கொட்டகை வரவில்லை. அந்தத் தம்பி நாலு வாரம் கண்மாய்ப் பக்கம் வரவில்லை, என் போனையும் எடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் வந்தான், கிளிப்பை எடுத்தான், கேட்காமலேயே இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னான். பேச்சு இன்னும் கொஞ்சம் விறைப்புதான். இருக்கட்டும். வயசு அப்படி.

இப்போது பெற்றோர்களின் கேள்வி.

வாங்கித் தரலாம். ஆனால் முதலில் மோட்டார் இல்லாத, கையால் எறியும் தெர்மாகோல் கிளைடர். மூக்கில் களிமண் ஒட்டி எங்கே எடை வைத்தால் நேராகப் போகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள இடத்தில் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் தலையைத் தூக்கி அப்படியே விழும்.

அடுத்து கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், எல்லாரும் தடுமாறுவது அங்கேதான். ஒரு வழி இருக்கிறது. எந்த இறக்கை சாய்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல என்று சொல்லிக் கொடுப்போம், டீச்சர் பொண்ணு பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு ரேடியோவையும் கேபிளில் இணைத்து, டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டு பிரேக் மாதிரி, பெரியவர் ஒருவர் கூட நின்று ஓட்ட வைக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் பிள்ளையை நம்பாதீர்கள், நீங்களே பாருங்கள். லித்தியம் பாலிமர். ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. வாரக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் 3.8 பக்கம் வைக்க வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய பேட்டரி முடிந்த பேட்டரி, "இன்னும் ஒரு தடவை" கிடையாது. வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைக்கக் கூடாது. நாங்கள் சார்ஜ் போடுவது மணல் போட்ட மண்சட்டிக்குள். தீப்பிடித்தால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் விலகிவிடுங்கள். சுட்டுக்கொண்டால் இருபது நிமிஷம் ஓடும் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

அடுத்த கலந்தாய்வில் எனக்கு இடமாறுதல் வரலாம். நோட்டையும் மூன்று கிளிப்பையும் யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. மெக்கானிக் அண்ணன், "எனக்குக் கடை இருக்கு டாக்டர்" என்று கழன்றுகொண்டார். ஐயாவுக்கு முட்டி வலி. கணக்கு டீச்சரிடம் கேட்டிருக்கிறோம். "யாரு கெஞ்சினாலும் முடியாதுன்னு சொல்லணும், அவ்வளவுதானே டாக்டர்? இருபது வருஷமா மார்க் விஷயத்துல அதைத்தான் செய்யறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு பார்க்க வர விரும்புகிறவர்கள் வரலாம். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள், எட்டுக்கு மேல் காற்று எழும்பிவிடும், ஆடி என்றால் ஏழுக்கே. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும், குழந்தைகள் கை உங்கள் கையில். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். சீமைக்கருவேல முள் மூட்டுப் பக்கம் குத்தி உள்ளே ஒடிந்தால் வாரக்கணக்கில் வீங்கும். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தால் எனக்கு ஒரு வேலை மிச்சம்.