இடுப்பு வலியின் பங்குக் கணக்கு

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, கோட்டைக்குப்பத்துப் பெண்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். "எவ்ளோ செலவாச்சுக்கா?" "இடுப்பு வலி போச்சா?" இரண்டாவதற்கு, ஒரு பங்கு போனது, ஒரு பங்கு நின்றது என்பேன். படகு கரை சேர்ந்ததும் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரித்துப் பழகிய ஊர். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பழவேற்காடு ஏரி இறாலை வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு அனுப்புவது என் பிழைப்பு. மணையில் உட்கார்ந்து குனிந்தபடியே பாதி நாள் போய்விடும். பிள்ளைகள் பிறந்தபின் ஏறிய உடம்பு இறங்கவில்லை. வயிறு பெருத்தால் பாரம் முன்னால் சாய்கிறது. உடம்பை நிமிர்த்திப் பிடிக்க முதுகுத் தசை ஓயாமல் இழுக்க வேண்டியிருக்கிறது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையில்தான் நாள் ஓடியது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டபோது, சென்னையில் ஒரு டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசினார். "இடுப்பு வலிக்காக மட்டும் இதைச் செய்ய மாட்டோம்மா. எடைக்கும் சர்க்கரைக்கும்தான். முதுகு தேறினா அது லாபம்" என்றார்.

இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல விட்டார்கள். முதலில் நீராகாரம், பிறகு கூழ், பிறகுதான் மீனும் சோறும். எடை இறங்க இறங்க, விடியலில் பாயைவிட்டு எழ முடிந்தது. பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போக முடிந்தது. முட்டி வலி ஏறக்குறைய மறந்தே போனது. இதெல்லாம் எடையின் பங்கு.

ஆனால், மணையில் உட்கார்ந்து இறால் பிரித்தால் பழைய இடத்திலேயே வலி பிடித்தது. ஆபரேஷன் பலிக்கவில்லையோ என்று பயந்தேன். நர்சிங் படிக்கும் மகள் ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2016-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்டது. உடல் வலி குறிப்பிடும்படி குறைந்தவர்கள் முதல் ஆண்டில் 100-க்கு 58 பேர். மூன்றாம் ஆண்டில் 49 பேர். எல்லோருக்கும் குறைவதில்லை, குறைந்ததும் அப்படியே நிலைப்பதில்லை.

இதற்கு அமெரிக்கா வரை போகவே வேண்டாம். எங்கள் ஏரியில் ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தால் போதும். ஒடிசலான உடம்பு, ஒரு பிடி கொழுப்பு இருக்காது. கரையேறியதும் அவர்கள் கை போகும் முதல் இடம் இடுப்புதான். அது வேலையின் பங்கு. அதை எந்தக் கத்தியும் வெட்டி எடுக்காது.

ஆபரேஷன் புதிதாகக் கொண்டுவரும் சிக்கல்களும் உண்டு. வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. முதுகெலும்பைத் தாங்குவதே அந்தத் தசைதான். அதனால் தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் சாப்பிடச் சொன்னார்கள். மீன்காரிக்கு அதில் கஷ்டமில்லை. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடக்கூடாது. விட்டால் எலும்பு தேயும். இன்னொன்று, பழைய வலி மாத்திரையை நினைத்தபோது வாங்கி விழுங்க முடியாது. சிறுகுடலை இரைப்பையோடு மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கு, டைக்ளோஃபினாக் போன்றவை இணைப்பிலேயே புண்ணாக்கிவிடும். என்னைப் போன்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இடுப்பு வலிக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை.

மிச்சப் பங்கை நான்தான் கவனிக்க வேண்டியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சிகளைப் பாயிலேயே செய்கிறேன். மணையை ஓரங்கட்டி, நின்றபடி இறால் பிரிக்க இடுப்பு உயரத்துக்கு மேசை அடித்தேன். ஐஸ் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்தே தூக்குகிறோம். வரத்து அதிகமாகும் நாட்களில் வலி இன்னும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஆபரேஷனுக்கு யோசிக்கும் பெண்களிடம் இப்போது நானே கேட்பதுண்டு. வலி காலுக்கு இறங்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா? அப்படியென்றால் முதலில் முதுகெலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். இல்லையென்றால், நீ எந்த வேலையில் எப்படிக் குனிகிறாய் என்று கேட்கிறேன். சிலருக்கு மேசை அடிக்கும் ஆசாரியைக் கைகாட்டுகிறேன். அது ஆபரேஷன் செய்தாலும் வேண்டும், செய்யாவிட்டாலும் வேண்டும்.