நியூயோர்க்கில் நான் கண்ட மூன்று கட்டடங்கள்

நியூயோர்க் மாநகருக்குச் செல்வோர் சுதந்திர தேவியின் சிலையையும் எம்பயர் ஸ்ரேற் மாளிகையையும் கண்டு, படமும் பிடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். அவற்றைப் பற்றித் தமிழிலே எழுதியோர் பலர். சென்ற ஆவணியிற் கல்லூரி விடுமுறையில் அங்கு சென்ற நானோ, வேறு மூன்று கட்டடங்களைத் தேடி அலைந்தேன். ஒன்று பழைய ஆய்வுகூடம். மற்றொன்று பிராட்வே வீதியில் ஒரு மாடி. மூன்றாவது புரொங்ஸ் பகுதியிலே சாதாரண மக்கள் வாழும் தொடர்மாடி வீடு. பார்ப்பதற்கு மூன்றிலும் அழகில்லை. மூன்றையும் இணைப்பது ஒரு சிறு கேள்வியே. ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்கும்பொழுது, கேட்போரின் செவி துணுக்குறாதபடி இரண்டின் ஒலியளவையும் ஒப்பாக்குவது எங்ஙனம்?

இக் கேள்வியை எழுப்பியவன் என் மருமகன். என் தமக்கையார் குடும்பம் குயின்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங்கில் வாழ்கிறது. 1977 ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட கணபதி கோயில் அவ்வூரின் பவுன் வீதியிலே உண்டு. காலையில் அங்கு மணியோசை கேட்கும்போது, கடல் கடந்து வந்திருப்பதே மறந்துபோகும். தமக்கையாரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பு விருந்திலே 'டீ.ஜே.' ஆக இருந்து பாட்டுகளை இசைக்கும் பொறுப்பை அவள் தம்பி தானே ஏற்றுக்கொண்டான். இரண்டு இசைக்கருவிகளையும் அவற்றிடையே 'மிக்சர்' என்னும் கலவைப் பெட்டியையும் வைத்து, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் ஓட்டிச் செல்வதே டீ.ஜே. என்பானின் தொழில். வீட்டு நிலவறையிலே இரவு பகலாகப் பழகிக்கொண்டிருந்தான்.

இரு பாட்டுகளின் தாளத்தையும் ஒன்றாக ஓடவைப்பதே இக் கலை முழுவதும் என்று அவன் எண்ணியிருந்தான். அதிலே தேர்ச்சியும் பெற்றுவிட்டான். ஆயினும் ஒரு குறை.

"தாளம் சரி மாமா, ஆனா பாட்டு விழுந்து போகுது," என்றான்.

புதிய பாட்டொன்றை அடுத்து அறுபதுகளின் திரைப்பாட்டொன்றைப் போட்டுக் காட்டினான். பழைய பாட்டு அயல்வீட்டிலிருந்து வருவதுபோல மெலிந்து ஒலித்தது. அதனை உயர்த்தினான். அடுத்த புதிய பாட்டு வந்ததும் சுவரே அதிர்ந்தது.

அந்தப் பழைய பாட்டிலே அவன் அக்கறை கொண்டதற்குக் காரணம் உண்டு. அஃது அவனுடைய அப்பம்மா கேட்டது. காலஞ்சென்ற கணவருக்கு விருப்பமான பாட்டு அது என்று, திருமணத்திற்காக அவர் வைத்த கோரிக்கை அவ்வொன்றே. அவருக்கு வயது எண்பத்துமூன்று, செவிக்கருவி அணிந்திருக்கிறார். திடீரெனப் பேரொலி எழுந்தால் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவது அவர் வழக்கம். முந்திய பாட்டு எல்லை மீறினால் கருவி பைக்குள் போய்விடும். பிறகு வரும் பாட்டு யாருக்கு? திருமணத்துக்குப் பத்து நாளே இருந்தன.

நான் பெளதிகம் கற்பிப்பவன்; டீ.ஜே. கலையில் எனக்கு அறிவில்லை. ஆனால், ஒலியின் உரப்பைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும் பாடத்திற் பெரும்பகுதி இதே நகரிலே பிறந்தது என்பதை அறிவேன். எனவே ஒரு காலை மருமகனையும் அழைத்துக்கொண்டு, ஏழாம் இலக்க ரயிலேறி மன்ஹற்றனுக்குப் புறப்பட்டேன்.

ஹட்சன் நதியை நோக்கியபடி, வெஸ்ற் வீதி 463 ஆம் இலக்கத்திலே நிற்பது முதற் கட்டடம். 1966 வரை பெல் ஆய்வுகூடம் இருந்த இடம் இது. இப்போது கலைஞர்கள் குடியிருக்கும் மனைத்தொகுதி. கட்டடத்தின் நடுவே சரக்கு ரயில் புகுந்து ஓடுவதற்கு விட்டிருந்த வழி இன்னும் தெரிகிறது. ஒலியை நுட்பமாக அளந்த கூடத்தின் வயிற்றினூடே ரயில் ஓடிற்று என்பது வேடிக்கைதான்!

பெல் ஆய்வுகூடத்தின் அறிஞராகிய ஹார்வி பிளெச்சரும் வைல்டன் மன்சனும் 1933 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பலரின் செவிகளுக்குத் தனித்தனி ஒலிகளை ஊட்டி, விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஓர் ஒலியோடு ஒப்பிடச் செய்தனர். கண்ட முடிவு யாதெனில், நம் செவி எல்லாச் சுருதிகளையும் ஒன்றுபோற் கேட்பதில்லை என்பது. விநாடிக்கு 3000, 4000 அதிர்வுகளை அடுத்த ஒலிகளுக்கு அது மிகக் கூர்மையானது. தாழ்ந்த முழவொலியை, ஒலியளவு குறைந்திருக்கும்போது அது பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. அளவு ஏற ஏற முழவொலியும் நிமிர்ந்து எழுகிறது.

நதிக்கரை வாங்கொன்றில் அமர்ந்து இதனைச் சொன்னபோது மருமகனின் முகம் மாறியது. அவன் நிலவறையிலே மெல்லிய ஒலியில் இரு பாட்டுகளையும் ஒப்பாக்கிவிட்டு, மண்டபத்திலும் அவை ஒப்பாயிருக்கும் என நம்பியிருந்தான். மண்டபத்திலே ஒலியை உயர்த்தியதும் புதிய பாட்டின் அடிமுழவு பெருகிவிடும். குரலே முதன்மையான பழைய பாட்டுக்கு அப்பெருக்கம் கிடையாது. வீட்டிற் செய்த கணக்கு விருந்திலே பிழைக்கும்.

1939 இல் இதே ஆய்வுகூடமும் அமெரிக்க வானொலி நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 'வீ.யூ.' என்னும் அளவுமானியை வகுத்தன. அதன் முள் வேண்டுமென்றே சோம்பலாகச் செய்யப்பட்டது. முழு அளவை எட்ட ஏறத்தாழ 0.3 விநாடி எடுக்கும். கணநேரம் தோன்றி மறையும் அடியை அது பொருட்படுத்தாது. செவியும் அப்படியே. அது உரப்பை உணர்வது உச்சத்தைக் கொண்டன்று, சராசரியைக் கொண்டு. இலங்கை வானொலியில் அறிவிப்பாளரின் குரலிலிருந்து பாட்டுக்குச் செல்லும்போது ஒலி தடுமாறாமற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டுப்பாட்டறையிலே ஒருவர் இத்தகைய முள்ளிற் கண்வைத்து அமர்ந்திருந்ததை நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

மருமகனின் மிக்சரில் முள் இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என விளக்கு வரிசைதான். அஃது உச்சங்களைக் கண்டு துள்ளுவது. பழைய பாட்டிலே குரல் தணிந்து செல்ல, இடையிடையே ஒரு தாள அடி ஓங்கி எழும். இக்காலப் பாட்டுகளிலோ தணிவான பகுதிகளையும் அழுத்தி மேலே தூக்கி, எல்லாவற்றையும் உச்சத்தோடு ஒட்டவைத்துவிடுகிறார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனை நிற்கும் வயலையும், பனை உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்த மூங்கிற் காட்டையும் எண்ணிப் பாருங்கள். உயரத்தை மட்டும் அளந்தால் இரண்டும் சமமே!

மத்தியானத்துக்குப் பின் பிராட்வே 647 ஆம் இலக்கத்துக்கு வந்தோம். டேவிட் மன்குசோ என்பார் 1970 பெப்ரவரியிலே தாம் குடியிருந்த மாடியில் நண்பரை அழைத்து நடன விருந்து வைக்கத் தொடங்கிய இடம் இது. அமெரிக்க நடன இசையின் வரலாறு எழுதுவோர் இதனை விட்டு எழுதுவதில்லை. அவருக்கு ஒலிக்கருவிகளிலே துணைபுரிந்தவர் அலெக்ஸ் றோஸ்னர். சிறுவயதில் ஔஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்தப்பிய யூதர் அவர். 1971 இல் வேறொரு கூடத்துக்காக அவர் செய்துகொடுத்த சிவப்பு நிறக் கலவைப் பெட்டி, ஒரு பாட்டு ஓடுகையிலேயே அடுத்ததைச் செவியில் மட்டும் கேட்டுச் சீர்செய்ய இடமளித்தது. பின்னர் போசாக் நிறுவனம் அவர் யோசனைகளையும் ஏற்று வெளியிட்ட மிக்சர் அக்காலக் கூடங்களிலெல்லாம் பரவியது.

மன்குசோவோ நாளடைவில் மிக்சரையே அகற்றிவிட்டார். பதிவு செய்தவர் வைத்த அளவிலேயே பாட்டு ஒலிக்கவேண்டும். முதலிலிருந்து கடைசிவரை முழுமையாக ஒலிக்கவேண்டும். ஒன்று ஓய்ந்த பின்னரே மற்றொன்று என்பது அவர் கொள்கையாயிற்று.

"அப்ப டீ.ஜே.க்கு என்ன வேலை, மாமா?" என்று மருமகன் சிரித்தான். எனக்கு அந்த மனிதரிடம் மதிப்பு ஏற்பட்டது. 2016 இல் அவர் மறைந்தார்.

மறுநாள் புரொங்ஸ். நாலாம் இலக்க ரயில் மன்ஹற்றனில் நிலத்தடியிலும், புரொங்ஸில் இரும்புத் தூண்களின்மேல் ஆகாயத்திலும் ஓடுகிறது. இறங்கி மேற்கே சரிவில் நடந்தால் செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கத் தொடர்மாடி. அருகே பெருந்தெருவின் வாகன இரைச்சல் ஓயாது. 1973 ஆகஸ்ற் 11 ஆம் திகதி, பாடசாலை திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க விரும்பிய சின்டி கம்பெல் என்ற பெண், இக் கட்டடத்தின் பொது அறையிலே விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். இசை அவள் தமையன் கிளைவ். கூல் ஹேர்க் என்ற பெயராற் புகழ்பெற்ற அவர் ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனில் பிறந்து 1967 இல் வந்தவர். 'ஹிப் ஹொப்' பிறந்த இடம் இதுவென 2007 இல் நியூயோர்க் மாநிலம் ஏற்றுக்கொண்டது.

ஹேர்க்கின் யுக்தி, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை வைத்து, தாளம் தனித்தொலிக்கும் சிறு பகுதியை மாறிமாறி ஓட்டி நீட்டுவது. ஒரே தட்டாதலின் ஒலியளவுச் சிக்கல் பெரிதாக இல்லை. வேறு தட்டுக்குத் தாவினாற்றான் அது தலைகாட்டும். நீண்ட நேரம் ஓடும் தட்டிலே வரிகள் நெருங்கியிருப்பதால் ஒலி தாழும். 1976 இல் விற்பனைக்கு வந்த பன்னிரண்டு அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டுகளிலே வரிகள் அகன்றிருந்தமையால் ஒலி ஓங்கும். ஹேர்க்கைப் பார்த்து வளர்ந்த கிராண்ட்மாஸ்ரர் பிளாஷ், இதே புரொங்ஸிலே தொழினுட்பப் பாடசாலையிற் படித்தவர். ஊகத்திலே ஊசியை வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தட்டை ஹெட்போனில் ஒளிந்து கேட்கும் ஆளியொன்றைத் தாமே பொருத்திக்கொண்டார். சபை கேட்குமுன் தன் செவி கேட்கவேண்டும் என்ற அக்கறை, பணமுள்ள பிராட்வேயிலும் பணமில்லாத புரொங்ஸிலும் ஏறக்குறைய ஒரே காலத்திலே எழுந்தது எனக்கு வியப்பளித்தது.

அன்று மாலை மருமகன் நிலவறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினான். மிக்சரில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'கெயின்' என்னும் குமிழும் கீழே 'பேடர்' என்னும் தள்ளுபிடியும் உள்ளன. இதுவரை எல்லாவற்றையும் தள்ளுபிடியாலேயே சரிக்கட்டினான். இப்போது தள்ளுபிடிக்கு ஒரு நிலையான இடம் குறித்துக்கொண்டு, அளவை முன்கூட்டியே கெயினில் அமைத்தான். பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு அமைத்தால் ஏமாற்றமே. பல்லவி ஓங்கும் இடத்துக்கு ஓட்டிச்சென்று அமைக்கவேண்டும். தாழ்சுருதிக் குமிழ் முன்னமே குறைந்து கிடந்தாலும் கணக்குத் தவறும். ஒரே அளவான இரு பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும் வேளை மொத்தம் சுமார் 3 டெசிபல் ஏறும். முழவுகள் ஒரே கணத்தில் ஒன்றிவிட்டால் அவ்விடத்திலே 6 வரையும் போகலாம். அதற்கு மேலே இடம் விட்டுவைக்கவேண்டும். கணினியே பாட்டின் உரப்பை அளந்து சமப்படுத்தும் வசதியும் உண்டு. நல்ல வேலைக்காரன்தான்; ஆனால் மண்டபம் எத்தகையது என்று அதற்குத் தெரியாது.

என் கண்ணிற் பட்ட பெருங்குறை வேறொன்று. அவன் ஒவ்வொரு பாட்டையும் முந்தியதிலும் இம்மியளவு உயர்த்தியே அமைத்தான். அவன் மட்டுமல்லன், கற்போர் எல்லோரும் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். சற்று ஓங்கியது சற்று நன்றாயிருப்பதாக மயக்கும். செவியோ களைத்துக்கொண்டே போகும். பத்துப் பாட்டில் விளக்கு சிவந்துவிடும். நம் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கிக்காரரும் சாமம் ஆக ஆக ஏற்றிக்கொண்டே போவது இதனாற்றான் போலும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், மேலேறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வாளர் விதித்த எல்லை. 100 இற்குப் பதினைந்து நிமிடமே. இளைஞர் செவிக்கும் இக் கணக்குத்தான்.

"அப்ப பழைய பாட்டை ஏத்தாமல், முன்னுக்கு வாறதை இறக்கினால்?" என்று அவனே கேட்டான். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான்.

திருமணத்துக்கு முதல்நாள் வெறும் மண்டபத்துக்குச் சென்று, விருந்தில் ஒலிக்கவேண்டிய அளவிலேயே இரு பாட்டுகளையும் வைத்து, நான் அப்பம்மாவுக்குக் குறித்திருந்த நாற்காலியில் இருந்து கேட்டேன். அவன் கையில் ஒரு கொப்பியிலே ஒவ்வொரு பாட்டுக்கும் கெயின் நிலையைக் குறித்துக்கொண்டான். மறுநாள் ஆட்கள் நிறைந்ததும் ஒலி சற்று உறிஞ்சப்பட்டது. அதற்கும் இடம் விட்டிருந்தான்.

விருந்தன்று இளைஞர் ஆடிக்கொண்டிருந்தனர். நான்கு பாட்டுகளுக்கு முன்பிருந்தே அவன் சிறிது சிறிதாக இறக்கத் தொடங்கினான். ஒவ்வொரு முறையும் ஒரு டெசிபலோ, அதனிலும் குறைவோ. ஆடியவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பம்மாவின் கை இருமுறை செவியருகே சென்று, தலைமயிரை ஒதுக்கிவிட்டுத் திரும்பியது. பிறகு அந்தப் பழைய பாட்டின் வயலின்கள், தாம் வந்ததே தெரியாமல் வந்து சபையில் அமர்ந்தன. அப்பம்மா நிமிர்ந்து இருந்தார். கருவி செவியிலேயே இருந்தது.

பாட்டு மாறியதும் என்னைச் சைகையால் அழைத்தார். குனிந்து கேட்டேன்.

"வடிவாக் கேட்டுது தம்பி. ஆனா உவன் கடைசிச் சரணத்தை வெட்டிப்போட்டான். அவருக்கு அதுதான் விருப்பம். திரும்பப் போடச் சொல்லு."