பணம் கட்டும் முன் அடினியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

'அடினியம் வளர்த்தால் வருமானம் வருமா?', 'வாங்கி வைத்த அடினியம் மழையில் அழுகுகிறது, என்ன செய்வது?' இந்த இரண்டு கேள்விகளும் நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் மாறி மாறி வருகின்றன. தாராபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் ஆடு வளர்ப்போடு, ஒன்பது வருடமாக இந்தச் செடியையும் வளர்த்து விற்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இப்போது எழுத ஒரு அவசரமும் இருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டு குடும்பங்கள் இந்தச் செடியை நம்பி நகையை அடகு வைத்திருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்களுக்கும், அவர்களைப் போன்றவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

எங்கிருந்து வந்த செடி?

நர்சரிகளில் 'பாலைவன ரோஜா' என்று சொல்லி விற்கிறார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது அரளியின் பங்காளி. மேற்கே செனகல் தொடங்கி கிழக்கே சோமாலியா வரை ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலும், கடல் தாண்டி ஏமன், ஓமன் நாடுகளிலும் தானாக வளர்கிற புதர்ச்செடி. ஏமனுக்குப் போன பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவர அறிஞர் இதைப் பார்த்து, அரளி வகை என்றே எழுதி வைத்தார். அவர் 1763-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் எழுதியது 1775-ல்தான் அச்சில் வந்தது. பிறகு 1819-ல் இதைத் தனி இனமாகப் பிரித்து, ஏடன் துறைமுகத்தின் பெயரால் 'அடினியம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு செடி பிறந்த ஊர் தெரிந்தால் பாதி வளர்ப்பு முறை தெரிந்த மாதிரி. சோமாலியா, எத்தியோப்பியா பக்கத்துக் காடுகளில் இது வேல மரங்களுக்கும் வெள்ளைப்போள மரங்களுக்கும் நடுவில் நிற்கிறது. வெள்ளைப்போளம் வேறு யாருமில்லை, நம் கொரங்காட்டைச் சுற்றி வேலியாக நட்டிருக்கும் கிளுவையின் சொந்தக்காரன்தான். உள்ளே நிற்கும் வெள்வேல் மரத்துக்கும் அங்கே பங்காளிகள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் அந்த மண்ணில் தானாக வளர்கிற புல்தான். ஆக, வெயிலும் வறட்சியும் இந்தச் செடிக்குப் புதுசு இல்லை. எங்கள் போர்வெல் வற்றி மல்லிகை காய்ந்துபோன கோடையில்கூட இது இலையை உதிர்த்துவிட்டு, அடித்தண்டில் சேர்த்து வைத்த தண்ணீரில் உயிர் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு வாரம் விடாமல் பெய்கிற மழை இதற்குப் பழக்கமில்லை. நம் ஊரில் அடினியம் சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

மண்ணும் தண்ணீரும்

தொட்டி மண் என்றால் இதற்கு மண்ணே கொஞ்சம்தான். கரட்டு மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இதுதான் என் கலவை. செங்கல் சல்லியைச் சலித்துத் தூளை நீக்கிவிட வேண்டும். தூள் இருந்தால் அடியில் சேறாக இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நான் சேர்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடித்துளை வழியாக வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தக் கலவை ஆகாது.

கோடையில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தாராளமாக ஊற்றலாம். மழைக்காலத்தில் ஊற்றவே தேவையில்லை. மார்கழி, தைக் குளிரில் செடி தூங்கும், இலை மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரையும் உரத்தையும் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்த இரண்டு மாதமும் அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொம்பு நீளுமே தவிர பூக்காது. எங்கள் இடத்தில் நான்கு பக்கமும் திறந்துவிட்டு, மேலே மட்டும் வெள்ளை பாலிதீன் ஷீட் கட்டியிருக்கிறோம். வெயில் இறங்கும், மழை இறங்காது. கூரை போட வசதி இல்லாதவர்கள் புரட்டாசிக் கடைசியில் தொட்டிகளைக் கல் மேல் தூக்கி வைத்து, அடைமழை நாட்களில் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டாலே பாதிச் செடிகள் பிழைக்கும்.

அழுகல் வந்துவிட்டால்

வாரம் ஒரு முறை அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நலம். லேசாகச் சுருங்கி, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் தண்ணீர்த் தாகம். ஒரே இடத்தில் மட்டும் புளித்த பழம் போல அமுங்கினால் அழுகல். அன்றைக்கே செடியைப் பிடுங்கி மண்ணைக் கழுவிவிட்டு, சுத்தமான கத்தியால் பழுப்பு நிறம் முழுவதும் போய் வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்குங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சி குளோரைடைக் குழைத்துப் பூசி, ஒரு வாரம் நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காயம் காய்ந்த பிறகு புதுக் கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். பாதி அடித்தண்டை இழந்த செடிகள்கூட இப்படித் திரும்பி வந்திருக்கின்றன.

பூச்சி என்று பார்த்தால் மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி, மஞ்சள் அசுவினி மூன்றும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கிறேன். அரளியில் வரும் தடித்த பச்சைப் புழு இதற்கும் வரும். இரண்டே நாளில் செடியை மொட்டையாக்கும். அதைக் கையால் பொறுக்குவதே சுலபம்.

விதையா, ஒட்டா?

அடினியம் காய் மாட்டுக் கொம்பு போல இரட்டையாக இருக்கும். முற்றினால் வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் கட்டிய விதைகள் பறந்துவிடும். அதனால் முற்றும் முன்பே நூலால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். புது விதை வெயில் காலத்தில் நான்காம் ஐந்தாம் நாளே முளைக்கும். விதையில் வந்த செடிக்குத்தான் அடித்தண்டு அழகாகப் பெருக்கும். கிளையை வெட்டி நட்டாலும் பிழைக்கும், ஆனால் அந்த உருண்டை அடி எளிதில் வராது. அதே நேரம், அடுக்குச் சிவப்புப் பூவில் எடுத்த விதை அதே பூவைத் தரும் என்று சொல்ல முடியாது. ஆகவே விதைக்கன்றை அடிச்செடியாக வைத்து, வேண்டிய ரகத்தின் கொம்பை ஒட்டுக் கட்டுகிறோம்.

மாசியில் குளிர் விட்டதும் கவாத்து செய்யுங்கள். புதுத் துளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால், கிளை கூடினால் பூவும் கூடும். தொட்டி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் செடியை ஓர் அங்குலம் உயர்த்தி நட்டால் வேர்கள் வெளியே தெரிந்து பருக்கும். விலையைக் கூட்டுவது அந்த அடிதான்.

ஆடு வைத்திருப்பவர்கள் கவனிக்க

இந்தச் செடியின் பால் நஞ்சு. அரளியைப் போலவே இதயத்தைத் தாக்கும். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவுவதற்கு இதைக் காய்ச்சுவார்கள். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்களின் அம்பு நஞ்சுகளில் ஒன்று அடினியத்திலிருந்து வருவது. கையுறை இல்லாமல் கவாத்து செய்யாதீர்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய கொம்புகளைப் பட்டி ஓரத்தில் வீசவே கூடாது. நிற்கிற செடியைச் சீண்டாத ஆடும் வாடிய தழையைக் கடிக்கும். நாங்கள் குழி தோண்டிப் புதைக்கிறோம், எரிப்பதில்லை. குழந்தை வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு கிளையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விற்கும்போது ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அதனால் வாங்காமல் போனவர்களும் உண்டு.

வருமானம் என்ன?

என் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். போன வருடம் 150 ஒட்டுச்செடிகள் 200 ரூபாய் வீதம், 250 விதைக்கன்றுகள் 60 ரூபாய் வீதம் விற்றேன். மொத்தம் 45,000 ரூபாய். தொட்டி, ஷீட், வண்டி வாடகை, வாங்கிய கொம்பு எல்லாம் 17,000 ரூபாய். மீதி 28,000 ரூபாய், வருடம் முழுவதும் நானும் என் வீட்டுக்காரரும் பார்த்த வேலைக்கு. எங்களுக்குச் சோறு போடுவது ஆடுதான். இது பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகிறது. அதற்கு மேல் இதை உயர்த்திச் சொன்னால் பொய்.

இந்தத் தை மாதம் எங்கள் ஊருக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். ஒரு லட்சம் கட்டினால் 500 கன்றுகள் கொடுப்பாராம். இரண்டு வருடம் கழித்து ஒன்று 600 ரூபாய்க்கு அவரே திரும்ப எடுத்துக்கொள்வாராம். என் சித்தப்பா மகன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, இவளோட நகைய வெச்சு கட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்டான்.

"கன்னு ஒண்ணு என்ன விலை ஆகுது, கணக்குப் போடு தம்பி" என்றேன்.

கன்று ஒன்றுக்கு 200 ரூபாய் ஆகிறது. அந்த அளவுக் கன்றை நான் 40 ரூபாய்க்குக் கொடுப்பேன். 500 கன்றுக்கு 20,000 போக, மீதி 80,000 எதற்கு? 600-க்கு வாங்கி அதற்கு மேல் விற்க முடியும் என்றால், அவரே ஏன் வளர்க்கவில்லை? பத்திரத்தின் கடைசி வரியையும் படிக்கச் சொன்னேன். 'நல்ல நிலையில் உள்ள செடிகள் மட்டும் ஏற்கப்படும்' என்று இருந்தது. எது நல்ல நிலை என்று சொல்லப்போவது அவர். அழுகினால் நஷ்டம் நமக்கு. இதுவரை அவர் திரும்ப வாங்கிய ஒரு விவசாயியையாவது காட்டச் சொல் என்றேன். 2012-ல் ஈமு கோழியில் நம் பக்கத்து மக்கள் பட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் அன்றைக்கும் பணம் போனது.

தம்பி நகையைத் திருப்பி வீட்டில் வைத்துவிட்டு, என்னிடம் 20 கன்றுகள் வாங்கிப் போனான். மற்ற இரண்டு குடும்பங்கள் அதற்கு முன்பே கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏஜென்ட் வந்தாலும் வராவிட்டாலும் கையில் இருக்கும் ஆயிரம் கன்றுகள் உயிரோடு இருந்தால், ஒட்டுக் கட்டி உள்ளூர் நர்சரிகளுக்கும் சந்தைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விற்று நகையை மீட்க வழி உண்டு. செடி செத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20 செடிகளோடு தொடங்கி, ஒரு மழைக்காலத்தைத் தாண்டிப் பாருங்கள். எத்தனை பிழைத்தது, பக்கத்து ஊர்களில் யார் வாங்குவார்கள் என்று தெரிந்த பிறகு கூட்டலாம். ஒட்டுக் கட்டுவதில் சந்தேகம் இருந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். ஏற்கெனவே செடி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே தொட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், அடைத்த துளைகளைக் குத்தி விடுங்கள்.